சக்கைக்குள்ளே ஒரு சங்கதி

ஷ்ஷ்... கதவு திறந்தாச்சு, உள்ளே வாங்க! கமகமக்கிறதே, ஆரஞ்சுத் தோல் வாசனை! ஜூஸ் ஆலையில் பழத்தைப் பிழிந்ததும் சாறு ராஜமரியாதையோடு முன்வாசல் வழியே போய்விடும். பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, தோலும் சக்கையுமாகப் பின்வாசலில் குவியும். நமக்கு வேலை பின்வாசலில்தான்.

ஒரு தோலைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக, பஞ்சுபோல இருக்கிறதா? நாம் நகத்தால் உரித்துப் போடும் அந்த வெள்ளையில்தான் பெக்டின் என்ற நார்ச்சத்து குடியிருக்கிறது. காய்ந்த தோலில் 20 முதல் 30 சதவீதம் வரை அதுதான்! பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ 1825-இல் அதற்குப் பெயர் வைத்தார்.

இங்கே எல்லாமே ஓட்டமும் நடையும்தான். பிழிந்த தோலைச் சும்மா விட்டால் அதிலுள்ள நொதிகளே பெக்டினைக் கெடுத்துவிடும். உடனே கழுவி, நீரை ஒட்டப் பிழிந்து, உலர்த்தியாக வேண்டும். உலர்ந்த தோல் கப்பலேறும். ஆரஞ்சு விளையாத டென்மார்க்கில், லில்லே ஸ்கென்ஸ்வெட் என்ற சிற்றூரில், உலகின் பெரிய பெக்டின் ஆலைகளில் ஒன்று இருக்கிறது!

அமிலம் கலந்த வெந்நீரில் தோல் மணிக்கணக்கில் கிடக்க, பெக்டின் நீரில் இறங்கும். வடிகட்டிய கரைசலை ஆல்கஹாலில் விடுகிறார்கள். இதோ, இதற்காகத்தான் உங்களை இழுத்து வந்தேன்! தயிர் கடையும்போது வெண்ணெய் திரளுமே, அதுபோலத் தெளிந்த நீரிலிருந்து திரிதிரியாக நார் திரண்டு வருகிறது! பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் வெளிர் நிறத்தில் மாவு.

அந்த மாவைச் சாப்பிட்டால், அடுத்த காட்சி நம் குடலுக்குள். தண்ணீரில் கூழாகும் பெக்டின், அங்கே வந்த பித்த அமிலங்களைச் சிக்கவைத்து வெளியே கொண்டுபோய்விடும். கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டுமே, கச்சாப்பொருள் எங்கே? ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைத்தான் இழுத்துக்கொள்ளும்! எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும், இதயத்துக்கு ஆறுதல். தினம் 6 கிராம் பெக்டின் கொலஸ்ட்ராலைச் சீராக வைக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்டது.

அதற்காக ஜாம் பாட்டிலைத் திறக்காதீர்கள். அதில் பெக்டின் சிட்டிகைதான், சர்க்கரையோ ஏராளம். மாவாகச் சாப்பிடுபவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டையை அடைக்கும். கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. சுளை தின்னும்போது அந்த வெள்ளையை உரிக்காமல் விடலாமே!

பெக்டினைக் கொடுத்துவிட்ட தோலின் கதை முடிந்ததென்றா நினைத்தீர்கள்? அதோ, லாரியில் ஏறுகிறது, மாட்டுத் தீவனமாக!