ஊட்டி மலை ரயிலைப் பார்க்க: விமானச் சீட்டை அப்புறம் எடுங்கள்

மலிவாக விமானச் சீட்டு கிடைத்ததும் கிளம்பிவிட்டு, அங்கே போய் ரயில் சீட்டுக்கு அலைவது மலேசியாவில் நம் ஆட்கள் பலருக்கு வழக்கம். ஊட்டி மலை ரயிலுக்கு இது சரிப்படாது. முதலில் ரயிலில் இடம் பிடியுங்கள், விமானம் அப்புறம்.

ஏன்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை முழுத் தூரமும் ஏறும் வழக்கமான ரயில் நாளுக்கு ஒன்றுதான். காலை 7.10 மணிக்குப் புறப்பட்டு நண்பகலில் ஊட்டியைத் தொடும். பெட்டிகளும் சிலவே. பயண நாளுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். ஐஆர்சிடிசி (இந்திய ரயில்வேயின் சீட்டு விற்பனைத் தளம்) கணக்கை அதற்கு வெகு முன்பே தொடங்கி வையுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இடம் கிடைத்தால் போதுமா? போதாது. இணையத்தில் எடுத்த சீட்டு கடைசிவரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

எந்த மாதம் போகலாம்? தீபாவளி விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டுமே ஆகாத காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான சரிவில் மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் விழுந்து ரயில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. ரயில் ரத்தானால் சீட்டுப் பணம் திரும்பிவிடும், விமானச் சீட்டுக்குக் கொடுத்த ரிங்கிட் திரும்பாது. சீனப் புத்தாண்டு விடுமுறையைப் பயன்படுத்துங்கள். அப்போது அங்கே மழை ஓய்ந்திருக்கும். பொங்கல் கூட்டமும் பெரும்பாலும் கலைந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்குத் தப்பி மலையேறும் கூட்டத்தோடு நீங்கள் போட்டி போட வேண்டும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ரயிலில்? 46 கிலோமீட்டருக்குள் சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்வு. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் அங்கே பற்சட்டம் (தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக அமைந்த இரும்புச் சட்டம்) பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908இல். யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது 2005இல். இன்னொரு வேடிக்கை: இந்தப் பாதையின் அகலமும் கேஎல் சென்ட்ரலில் வந்து நிற்கும் கேடிஎம் ரயில் பாதையின் அகலமும் ஒன்றே, சரியாக ஒரு மீட்டர்.

எந்தப் பெட்டியில் உட்காருவது? ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முதல் வகுப்புப் பெட்டி முன்னால் இருக்கும். எதிரே விரியும் பாதையைப் பார்க்க அது நல்ல இடம். எஞ்சினின் மூச்சிரைப்பைக் கேட்க வேண்டுமானால் கடைசிப் பெட்டிதான். என்னைக் கேட்டால் கடைசிப் பெட்டி.

ஆனால் ரயிலுக்குள் இருந்துகொண்டு ரயிலைப் பார்க்க முடியாதே? உண்மை. அதனால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் ஏறிப் போங்கள். மறுநாள் குன்னூர் நிலையத்தில் நில்லுங்கள். எஞ்சின் கொட்டகை அங்கேதான். காலையில் ஏறிவரும் ரயிலிலிருந்து நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து கிளம்பும் ரயில் வந்ததும் அதே வேலை தலைகீழாக நடக்கும். கொட்டகைக்குள் போக அனுமதி கேளுங்கள். மறுத்தால் நடைமேடையே போதும். படத்துக்காகத் தண்டவாளத்தில் மட்டும் நடக்காதீர்கள். சட்டப்படி குற்றம். கல்லாற்றுக்கு மேலே யானைகள் நடமாடும் காடு வேறு.

மழையில் கீழ்ப்பாதை மூடியிருந்தால்? குன்னூர்–ஊட்டி இடையே டீசல் ரயில்கள் பெரும்பாலும் ஓடும். பற்சட்டமும் நீராவியும் இல்லை என்றாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

வயதானவர்களை அழைத்துப் போகிறீர்களா? பெட்டிகளில் கழிப்பறை கிடையாது, பயணமோ ஐந்து மணி நேரத்தை நெருங்கும். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிக்கொள்ளலாம். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் விடாது.

போய்ச் சேருவது எப்படி? விமானத்தில் சென்னை போனால், இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், மலை ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். ஆனால் விமானம் இறங்கும் அதே இரவில் அந்த ரயிலைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். விமானம் தாமதமானால் எல்லாமே சரிந்துவிடும். திருச்சியில் இறங்கினால் கோயம்புத்தூர் வழியாகப் போய், முதல்நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுங்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு இந்திய இ-விசா வேண்டும். வாடகைக் காரில் நீலகிரிக்குள் போவதாக இருந்தால் அந்த வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. குளிர்ச்சட்டை கட்டாயம். ஜனவரி இரவுகளில் ஊட்டிக் குளிர் கேமரன் மலைக் குளிரைவிடக் கடுமையானது.