புது டர்போவும் கிருஷ்ணன்கோவில் டீக்கடையும்

கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்பு ரோடு பிரிகிற முக்கில் அரை மணி நேரம் காது கொடுத்து நின்றால் போதும். கடந்து போகிற வண்டிகளில் எதன் டர்போ எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு கணக்கு வந்துவிடும். தேறிய டர்போ மெல்லிசாக விசில் அடித்துக்கொண்டு போகும். ஷாஃப்டில் ஆட்டம் கண்டது, தூரத்தில் ஆம்புலன்ஸ் வருகிற மாதிரி ஊளையிடும். ஆயிலைத் தின்னத் தொடங்கியது நீலப் புகையைத் தள்ளி, பின்னால் பைக்கில் வருகிறவரை முகம் திருப்ப வைக்கும். நான் நின்ற அன்று மூன்று ரகமும் போயின.

“புது ரக டர்போவுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? கார் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், எழுதுங்கள்” என்றுதான் ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். சென்னையில் நாலு ஷோரூம் ஏறி இறங்கி எழுதியிருக்கலாம். ஆனால் சொந்தக் காரில் ஐந்து வருஷம் கழித்துத் தெரிகிற சங்கதி, மதுரை–கொல்லம் ரோட்டில் ஓடும் வாடகை வேனில் ஒரே வருஷத்தில் தெரிந்துவிடும். ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, வத்திராயிருப்பு நெல், தேங்காய், கேரளாவுக்குப் போகும் காய்கறி, சிமெண்ட் எல்லாம் இந்த ரோட்டை நம்பித்தான் இருக்கின்றன. ஆடி அமாவாசை வந்தால், சதுரகிரி ஏறுவதற்குத் தாணிப்பாறை போகும் வேன்கள் இந்த முக்கில்தான் திரும்பும். டர்போவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வேஸ்ட்கேட் வைத்த பழைய டர்போவுக்கும் வி.ஜி.டி. என்கிற புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. புகை வந்து மோதுகிற இடத்தில் அசையும் இதழ்கள் இருந்தால் புதுசு. மெதுவாகப் போகும்போது இதழ்கள் வழியைக் குறுக்கும், வேகம் பிடித்ததும் அகலத் திறக்கும். இழுவை சீக்கிரம் கிடைக்கும் என்பது கணக்கு. நம் டாக்ஸி ஸ்டாண்டுகளை ஒரு காலத்தில் ஆண்ட 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சாதா டர்போவோடு 75 குதிரைத்திறன், வி.ஜி.டி.யோடு 90. காகிதத்தில் கண்ணைப் பறிக்கும். இழுவிசையில் பார்த்தால் 190 நியூட்டன் மீட்டருக்கு 200, அவ்வளவுதான். இரண்டுமே 2000 சுற்றுக்குக் கீழே தூங்குமூஞ்சிகள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஆமை வேகத்தில் போகிறவருக்கு, கூடக் கொடுத்த காசு எங்கே போனது என்று கேட்கத் தோன்றும்.

சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வேன், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். புது டர்போவால் அது பத்தரை ஆகிறது என்றும் தாராளமாக வையுங்கள். 300 லிட்டர் குடித்த இடத்தில் 286 லிட்டர் குடிக்கும். டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் ஏறக்குறைய 1,300 ரூபாய் மிச்சம். கூடுதல் விலை 20,000 ரூபாய் என்றால், முதல் திரும்ப ஒண்ணேகால் வருஷம் ஆகும். மோசமில்லை. விற்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுகிறார்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் ஒண்ணேகால் வருஷம் அந்த டர்போ உயிரோடு இருக்க வேண்டுமே! அதற்கான பட்டன் கால்குலேட்டரில் இல்லை.

எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். டீக்கடைக்கு வருகிறேன்.

வண்டி ஓரங்கட்டுகிறது. சக்கரம் நிற்பதற்கு முன்பே சாவி திரும்பிவிடுகிறது. கதவு திறக்கிறது, “மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி.” இதற்கு மூன்று நொடி ஆனால் அதிகம். நான் பார்த்த வரையில் பத்தில் எட்டு வண்டி இப்படித்தான் அணைந்தது. அந்த மூன்று நொடியில் பானெட்டுக்குள் என்ன நடக்கிறது?

கார் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுற்றும். லாரி டர்போ பெரிசு, அதனால் கொஞ்சம் நிதானம். அதுவும் லட்சத்தைத் தொடும். பெரும்பாலான டர்போக்களில் இந்த ஷாஃப்டைத் தாங்குவது குண்டு பேரிங் இல்லை, தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம். ஒரு பக்கம், பாரம் ஏற்றி மேடு ஏறும்போது 600, 700 டிகிரிக்குப் போகும் புகை. ஒரு கை அகலம் தள்ளி மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் அந்த ஆயில்தான் வழுக்கவும் வைக்க வேண்டும், சூட்டையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஆயில் பம்ப் நின்றுவிடுகிறது. ஷாஃப்ட் மட்டும் இன்னும் சில நொடி சுற்றுகிறது. புகைக் கூட்டின் சூடு நடுப்பகுதிக்கு ஏறுகிறது. தேங்கி நின்ற ஆயில் கருகிக் கரியாகிறது. அந்தக் கடையிலேயே வடைச் சட்டியின் ஓரத்தில் கறுப்பாகப் பிடித்திருக்கிறதே கசடு, அதே கதைதான். சட்டியைச் சுரண்டிக் கழுவலாம். பேரிங்கை யார் சுரண்டுவது?

ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. தினம் நாலு டீ, வருஷம் முந்நூறு நாள். ஷாஃப்டில் ஆட்டம் விழும், சீல் தேயும், ஆயில் கசியும். பிறகு பட்டறையில் “டர்போ போச்சுண்ணே, கோர் மாத்தணும்” என்பார்கள்.

கேரளா டிரிப் அடிக்கிற வண்டிகளுக்கு இது இன்னும் பொல்லாதது. புளியரை எஸ் வளைவில் முழுப் பாரத்தோடு, கியர் இறக்கி உறுமிக்கொண்டே ஏறி, ஆரியங்காவுப் பக்கம் செக்போஸ்ட் வரிசையில் போய் நிற்கிறார்கள். டர்போ உச்சச் சூட்டில் இருக்கிற நேரம் அது. அங்கேதான் இன்ஜினைப் பட்டென்று அணைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

கிருஷ்ணன்கோவில் கடையில் ஒரு வேன் டிரைவரிடம் கேட்டேன். “ஏண்ணே, ஒரு நிமிஷம் ஓட விட்டு அணைச்சா என்ன?”

“நீங்க வேற சார். நின்ன வண்டி ஓடிட்டு இருந்தா ஓனருக்கு ஃபோன்ல காட்டும். உடனே கூப்புடுவாரு, டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதான்னு.”

ஜி.பி.எஸ். கருவி செய்த உபகாரம் இது. நிற்கும்போது இன்ஜின் மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறது என்றே வைப்போம். ஒரு நிமிடத்துக்கு 33 மில்லி. மூன்று ரூபாய். டீ விலையில் பாதிகூட இல்லாத மூன்று ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, ஓனர் டர்போவுக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறார். வண்டி டெலிவரி எடுக்கும்போது மாலை போடுகிறோம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். எப்படி அணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் புத்தகமோ பிளாஸ்டிக் உறை பிரியாமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது, அதுவும் இங்கிலீஷில். அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சடித்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தால் என்ன?

மனிதரின் பொறுமையை நம்பித் தயாரித்த டர்போ கவிழ்ந்த கதை அமெரிக்காவிலேயே உண்டு. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி, வெளியே போகிற புகையைக் கொண்டே உள்ளே காற்றைத் திணிக்கலாம் என்று 1905-ல் காப்புரிமை எடுத்தார். இருபது வருஷம் போராடித்தான் கப்பல் டீசல் இன்ஜினில் ஜெயித்தார். 1,750 குதிரைத்திறன் இன்ஜின் 2,500 கொடுத்தது. கப்பலில் இன்ஜினுக்கென்றே ஆள் நிற்பார், கவலையில்லை. காருக்கு அது வந்தபோதுதான் சிக்கல். 1962-ல் அமெரிக்காவில் வந்த ஜெட்ஃபயர் என்ற டர்போ காரில், இன்ஜின் தட்டாமல் இருக்க வடிகட்டிய தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் பலர் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் வேகத்தைக் கார் தானே கட்டிப்போட்டுவிடும். “காசு கொடுத்தும் இழுவை இல்லையே” என்று புகார். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிச் சாதா கார்புரேட்டர் மாட்டினார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க ஓனரும் நம்ம ஊர் ஓனரும் ஒரே ஜாதி.

வி.ஜி.டி.க்கு இன்னொரு தொல்லை சேர்கிறது. அந்த அசையும் இதழ்களில் கரி படிந்தால் இறுகிக்கொள்ளும். டவுனுக்குள்ளேயே குறைந்த வேகத்தில் ஊர்ந்து, பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று புறப்படும் வண்டியில் கரி சீக்கிரம் சேரும். இதழ் இறுகினால் கம்ப்யூட்டர் பயந்து இழுவையைக் குறைத்துவிடும். பிறகு ஸ்கேனர் உள்ள பட்டறையைத் தேடி ஓட வேண்டும். சாதா டர்போவில் இந்த இதழும் இல்லை, இதை அசைக்கும் மோட்டாரும் இல்லை.

தூசியையும் சொல்லிவிடுகிறேன். ரோடு வேலையும் எம்-சாண்ட் லாரியும் கிளப்பும் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்தால், டர்போ காற்றுக்குப் பதிலாகத் தன் சீலைத் தாண்டி ஆயிலை உறிஞ்சும். டர்போ செத்துவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். சில நூறு ரூபாய் ஃபில்டரில் தீர வேண்டிய வியாதி அது. இதில் எனக்கே சூடு உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜீப் மேட்டில் திணறியபோது, ஒரு பட்டறையில் டர்போவையே மாற்றிவிட்டார்கள். திணறல் போகவில்லை. வேறொரு வயதான மெக்கானிக் இன்டர்கூலர் ஹோஸைத் தடவிப் பார்த்து, உள்பக்கம் கீறலைக் காட்டினார். ஹோஸ் மாற்றினார், சரியாகிவிட்டது. கழற்றிய பழைய டர்போ இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது; விரலால் தட்டினால் ஜம்மென்று சுற்றுகிறது.

புதுசு பூட்டுகிறவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, பழைய ஆயில் பைப்பையே மறுபடி மாட்டுவது. கரி அடைத்த பைப்பு ஆயிலை விடாது. புது டர்போ சில வாரங்களில் பழைய டர்போவின் வழியில் போகும். பூட்டும்போது நடுவில் ஆயில் விட்டு, கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும் என்பதை அவசரத்தில் மறக்கிறார்கள். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுவதும், டப்பா மட்டும் அசலாக இருக்கும் ஆயிலை மலிவு என்று வாங்குவதும் தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கலசலிங்கம் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டும்போது ஒன்று தோன்றியது. 1984-ல் பொறியியல் கல்லூரியாக அது தொடங்கியபோது, இந்த ரோட்டில் டர்போ வைத்த வண்டி அபூர்வம். இன்று வாசலில் நிற்கும் ஷேர் வேன்வரை டர்போ. பொறியியல் படிக்கிற பிள்ளைகள் வாரம் ஒரு மாலை வெளியே வந்து டீக்கடை முன்னால் டிரைவர்களிடம் பேசினால் எவ்வளவோ டர்போ பிழைக்கும்.

புது டர்போக்களில் தண்ணீர்க் குளிர்விப்பு வந்துவிட்டது, ஒரு நிமிடக் காத்திருப்பெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்களும் உண்டு. கார்களில் ஓரளவு சரி. டீசல் சரக்கு வண்டிகளில் பலவற்றுக்கு இன்னும் ஆயில் மட்டுமே கதி.

டர்போ இல்லாத பழைய வண்டிக்கு வெளியே வாங்கிப் பூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

என்னிடம் கேட்டால், ஸ்கூல் வேன், பால் வண்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே சமதரையில் ஓடும் லோடு வண்டி, இவற்றுக்குச் சாதா டர்போ போதும். கூடுதல் காசில் நல்ல ஆயிலும் ஃபில்டரும் வாங்குங்கள். வாரத்தில் நாலு நாள் ஆரியங்காவு ஏறுகிறவர், அதுவும் தானே ஓட்டுகிற ஓனர், தாராளமாகப் புதுசுக்குப் போகலாம். டிரைவர் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்குப் புது டர்போ வாங்கிக் கொடுப்பது காசைப் புகைக்குழாயில் போடுவது.

அடுத்த முறை கிருஷ்ணன்கோவிலில் நிறுத்தினால், கூட வருகிறவரை முதலில் இறக்கி டீ சொல்லச் சொல்லுங்கள். மாஸ்டர் ஆற்றி முடிக்கிறவரை இன்ஜின் ஓடட்டும்.