சணல் வயல்களில் இரு குழுக்கள்

வங்காளத்தில் சணல் பயிரிடப்படும் பரப்பை மாதிரி முறையால் மதிப்பிடும் பணியைக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1937இல் தொடங்கிற்று. நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், மாகாணம் முழுவதையும் ஒரே மூச்சில் அளக்க முற்படவில்லை. முதலில் சிறு பகுதியில் சோதனை ஆய்வு. அதிற்கண்ட குறைகளைக் களைந்து அடுத்த ஆண்டில் சற்றே விரிந்த ஆய்வு. இவ்வாறு படிப்படியாக வளர்ந்து, 1941இல் மாகாணம் முழுவதும் ஆய்வுக்கு உட்பட்டது.

களப் பணியாளர் நடப்பதற்கும் அளப்பதற்கும் செலவிட்ட நேரம் தனித்தனியே குறிக்கப்பட்டது. மாதிரிக் கட்டங்களின் அளவையும் எண்ணிக்கையையும் எவ்வாறு அமைத்தால் குறைந்த செலவில் பிழை குறையும் என்று கணிக்க அக்குறிப்புகள் பயன்பட்டன.

இதனினும் நுட்பமானது மற்றோர் ஏற்பாடு. ஒரே நிலப்பரப்பிலிருந்து குருட்டாம்போக்கில் தேர்ந்த இரு மாதிரித் தொகுதிகள், தனித்தனியே இயங்கும் இரு குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இரு முடிவுகளும் பெரிதும் மாறுபட்டால், எங்கோ பிழை புகுந்துள்ளது என்பது புலனாகும். வயலை மிதிக்காமலே படிவத்தை நிரப்புவோர் எந்நாட்டிலும் உண்டன்றோ! எனினும், இரு குழுக்களும் ஒரே தவற்றைச் செய்யின் இம்முறை அதனைக் காட்டாது. ஆதலின் பயிற்சியின் தேவை சிறிதும் குறைவதில்லை. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இவ்வேற்பாடு இடம்பெற்றது.