நீங்கள் எந்தத் தோட்டம்?

பங்சார் இலகு ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்மணிகள் ஐந்து நிமிடத்திற்கு மேல் பேசாமல் இருப்பது அபூர்வம். பேச்சு மழையில் தொடங்கும். சாமான் விலைக்குப் போகும். பிறகு அந்தக் கேள்வி வந்தே தீரும். "நீங்க எந்தத் தோட்டம்?" ஒருவர் காப்பார் பக்கம் என்பார். மற்றவர், "அடடே, எங்க சின்னம்மாவைக் கட்டிக் கொடுத்தது அங்கேதானே!" என்பார். இன்னும் இரண்டு கேள்வி போனால், அந்தச் சின்னம்மாவின் நாத்தனாரும் முதலாமவரும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டியவர்கள் என்பது வெளியாகும். "ஆண்டவன்தான் நம்மைச் சந்திக்க வைத்தான்" என்று இருவரும் கையைப் பற்றிக்கொள்வார்கள்.

ஆண்டவன் செயலை மறுத்துப் பேச நாம் வரவில்லை, நேயர்களே. ஆனால் இப்படிப்பட்ட சந்திப்புகள் நம்மவரிடையே ஏன் இத்தனை அடிக்கடி நேர்கின்றன என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு, ஒரு சரித்திரமும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், தொலைந்துபோன உறவைத் தேடுகிறவர்களுக்கு வழி ஒன்று தென்படும்.

முதலில் கணக்கு. நம் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஒரு வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருப்பதற்கு, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பாவது வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவை? ஆண்டுக்கு 365 நாள் ஆயிற்றே என்று பிள்ளைகள் 180 என்பார்கள், 200 என்பார்கள். சரியான விடை 23. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பங்கு வாய்ப்பு! எப்படி? நாம் ஒரு பிள்ளையை மட்டும் எடுத்து ஒப்பிடவில்லை. 23 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பாருங்கள். 253 ஜோடிகள் கிடைக்கும். அவற்றில் எந்த ஜோடி பொருந்தினாலும் போதும். "என் பிறந்த நாளிலேயே பிறந்த ஒருவர் வேண்டும்" என்று தேடினால் கதை வேறு. அதே சரிபாதி வாய்ப்புக்கு 253 பேர் வேண்டியிருக்கும்.

ரயில் நிலையத்துப் பேச்சும் அப்படித்தான். குறிப்பிட்ட ஒரு சின்னம்மாவை எதிர்பார்த்து யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. சின்னம்மாவோ, பழைய வாத்தியாரோ, கிராணியோ, ஆயாக்கொட்டகைப் பாட்டியோ, யார் பொதுவாக அமைந்தாலும் நமக்கு அதிசயம்தான். அன்றைய தினம் அதே வண்டியில் நம்மோடு வந்து, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போன இருநூறு பேரை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தது, ஒரு கூடை நெல்லை வாரி இறைத்ததுபோல அல்ல. தோட்டத்துரை கங்காணியை அனுப்புவார். கங்காணி எங்கே போவார்? தம் சொந்த ஊருக்கு. யாரை அழைப்பார்? தம் பங்காளியை, மாமன் மகனை, அடுத்த தெருக்காரரை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று அந்தந்த வட்டாரத்திலிருந்து கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி, வந்து இறங்கிய பிறகும் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை இவ்வாறு அனுப்புவதற்குத் தடை விதித்தது. அதற்குள் ஊர்கள் அப்படியே பெயர்ந்து வந்து தோட்டங்களாக அமைந்துவிட்டன. ஆகவே இரண்டு பேருடைய தாத்தாக்கள் ஒரே கிராமம் என்று இன்று தெரியவருவது, அன்றைக்குக் கங்காணி போட்ட முடிச்சு.

கப்பலும் ஒரு முடிச்சுதான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் தடம். இந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம். தளத்தில் பாய் விரித்துப் பல நாள் ஒன்றாகப் பயணம் செய்தவர்கள் பிறகு தனித்தனித் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்கள் பிஜியிலும் டிரினிடாடிலும் கப்பல் தோழரை 'ஜஹாஜி' என்று சொந்தக்காரராகவே கொண்டாடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாரும் ஒரே தோட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நமக்குத் தெரிந்தவர்தாம் பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்தவர். வட்டம் வட்டத்துக்குள்ளேயே சுற்றும்; காப்பாருக்கும் சிறம்பானுக்கும் தொடர்பே ஏற்படாது. 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். நெருங்கிய சிறு வட்டங்களுக்கு நடுவே, தூரத்துக்குப் போகும் சில இழைகள் மட்டும் இருந்தால் போதும். எந்த ஒருவரிடமிருந்தும் இன்னொருவரைச் சில படிகளில் எட்டிவிடலாம். நம்மிடையே அந்தத் தூரத்து இழைகள் யார்? வெளித்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், மாற்றலாகிப் போன ஆசிரியர்கள், பால் ஏற்றிப்போகும் லாரிக்காரர், திருவிழாவுக்கு ஊர் ஊராகப் போகும் நாதஸ்வரக்காரர். இவர்களில் பெண்களுக்கே முதலிடம் கொடுப்போம். மகளை அவ்வளவு தொலைவில் கொடுத்துவிட்டோமே என்று பெற்றவர்கள் ஏங்கியதுண்டு. ஆனால் அந்த இழை இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் சின்னம்மா வந்திருக்க முடியாது.

அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் 1960களில் இதைக் கடிதம் விட்டே சோதித்தார். பாஸ்டன் நகரில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகருக்குக் கடிதம் போய்ச் சேரவேண்டும். ஆனால் நேரே தபாலில் அனுப்பக்கூடாது. தமக்கு நன்றாகப் பழக்கமான ஒருவரிடம் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, இப்படியே கைமாறவேண்டும். அவரும் டிராவர்ஸ் என்பவரும் 1969இல் எழுதிய கட்டுரையின்படி, 296 பேரிடம் தொடங்கியதில் 64 கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. இடையில் நின்றவர்கள் சராசரியாக ஐந்து பேருக்குச் சற்று அதிகம். ஐந்தே பேரா என்று வியக்கிறோம். மீதிக் கடிதங்கள் வழியில் நின்றுபோனதையும் நினைக்கவேண்டும். இழை இருந்தும், யாரோ ஒருவர் அடுத்த கைக்குக் கொடுக்காமல் விட்டார்.

பங்சாரில் மட்டும் என்ன விசேஷம்? அதுவே ஒரு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம்தான். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டிப் 'புங்சார்' ஆகி, அதுவே பங்சார் ஆயிற்று என்பார்கள். இன்று மரமும் இல்லை, லயமும் இல்லை. மாடி வீடுகளும் கடைகளும்தான். ஆனால் அடுத்த நிலையம் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கேஎல் சென்ட்ரல். 2001இல் அது திறக்கப்பட்ட பிறகு, கிள்ளான் துறைமுகத்து வண்டியும் சிறம்பான் வண்டியும் அங்கே வந்து கூடுகின்றன. புடவை வாங்க, கோயிலுக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக என்று நம்மவர் வந்து குவியும் இடம். கிழமைச் சந்தையில் தெரிந்த முகம் தென்படுவதில் வியப்பென்ன?

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, ஒரே லயத்தார் பல திசைக்குப் பிரிந்தார்கள். பிரிந்தவரைத் தேடுவது பாசத்துக்காக மட்டுமல்ல. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பிள்ளை வளர்ந்து ஆளாகி, அடையாள அட்டைக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளை பிறந்ததைக் கண்ணால் கண்ட அண்டைவீட்டு அம்மாவைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய உதவியாகலாம். அவரைத் தற்செயலாக ரயிலில் சந்திக்கும்வரை காத்திருக்கலாமா?

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டி தாத்தா உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்றாக இருக்கும், இரண்டும் வேண்டும். எந்த டிவிஷன், கங்காணி யார், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தாலுகா, அந்தத் தோட்டத்திலிருந்து எந்தெந்தத் தோட்டத்துக்குப் பெண் போனது. இந்தக் கடைசி விவரத்தைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். தேடும்போது முதலில் போய்க் கதவைத் தட்டவேண்டியது அங்கேதான். கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும்போதும், "இவரைத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "தெரிந்திருக்கக் கூடியவர் யார்?" என்றும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "நானும் உங்க தோட்டம்தான்" என்று சொல்லிக்கொண்டு, வேலை வாங்கித் தருகிறேன், சீட்டுப் போடுங்கள் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். குறிசொல்கிறவர், "உங்கள் குடும்பத்தில் 'மு' என்ற எழுத்தில் ஒரு பெயர் உண்டு" என்றதும் நாம் மயங்கிப் போகிறோம். முனியம்மாவும் முத்துவும் முனியாண்டியும் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை? ஆகவே நம் விவரத்தை நாமே எடுத்துக் கொடுக்காமல், எதிரில் இருப்பவரைப் பேசவிடுங்கள். பெரட்டுக்களத்திலிருந்து பார்த்தால் கோயில் எந்தப் பக்கம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அங்கே குடியிருந்தவர் கையை நீட்டியே காட்டுவார்.