குழி தோண்டாத கோழிக்கூண்டு

பட்டுத்தறிக்காக வீட்டுக்குள்ளேயே குழி வெட்டிய வட்டாரம் காஞ்சிபுரம். பக்கத்து முசரவாக்கத்தில் கோழிக்கூண்டின் காலுக்காகக் கொல்லையில் நாலு குழி போடுவதா சிரமம் என்று கேட்கலாம். சிரமம் தோண்டுவதில் இல்லை. நட்ட சவுக்குக் கழி முதலில் அழுகுவது மண்மட்டத்தில்தான். பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். இரும்புக் குழாயும் பெரும்பாலும் அந்த விரலகலப் பட்டையில்தான் துருப்பிடித்து ஒடிகிறது. கொல்லையில் சிமென்ட் போட்டவர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் எப்படியும் தோண்ட முடியாது.

நம் பாட்டிகள் கோழிகள்மேல் கவிழ்த்துவைத்த பஞ்சாரக் கூடைக்கும் கால் கிடையாது. அகன்ற அடி, குறுகிய தலை, காற்று ஊடே போக இடைவெளி. பெரிய வலைக்கூண்டுக்கும் இவை பொருந்தும். கூடவே எடையும் வேண்டும்.

எவ்வளவு எடை? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டது. இந்தியக் கட்டடத் தரவிதி ஐ.எஸ். 875 தரும் சூத்திரத்தில் போட்டால், அந்த வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 57 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 10 அடி நீளம், 4 அடி உயரப் பக்கத்தை மழைக்குப் பயந்து தார்ப்பாயால் மூடியிருந்தால் மொத்தத் தள்ளு 210 கிலோ. கூண்டின் அகலம் 4 அடி என்றால், கவிழாமல் நிற்க அதுவும் 210 கிலோவாவது இருக்க வேண்டும். அகலத்தை 6 அடியாக்கினால் 140 கிலோ போதும். வழுக்கி நகராமல் இருக்க இன்னும் அதிகம் வேண்டும். தகரக் கூரை போட்டால் அதைக் காற்று மேலே தூக்கும் கணக்கு தனி. வேகம் பாதியானால் தள்ளு கால்வாசி ஆகிவிடும் என்பதுதான் ஆறுதல்.

எடைக்குச் செலவு வேண்டாம். காலி சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பினால் ஒன்று 50 கிலோவுக்குக் குறையாது. அதை அடிச்சட்டத்தின் மேல் மூலைக்கொன்றாகக் கட்டுங்கள். பக்கத்தில் சாய்த்துவைத்த மூட்டை தூக்கலைத் தடுக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் மூலைவிட்டமாக ஒரு கழி அவசியம். நாலு கழிச் சதுரம் தள்ளினால் சாய்ந்துவிடும்; முக்கோணம், கழி ஒடிந்தாலொழிய உருமாறாது.

தோண்டி நுழையும் கீரிக்கும் நாய்க்கும் வேறு வழி. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை அடிச்சட்டத்தில் கட்டி, வெளிப்பக்கம் இரண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்துச் செங்கல் வையுங்கள். சுவரோரம்தான் அவை பறிக்கும். இரண்டடி பின்வாங்கித் தோண்டலாமே என்று அவற்றுக்குத் தோன்றுவது அபூர்வம். மெல்லிய அறுகோண வலையை நம்ப வேண்டாம். கோழியை உள்ளே வைக்க அது போதும், நாயை வெளியே நிறுத்தாது. சிறுவிடைக் கோழி நன்றாகப் பறக்கும், மேலே பருந்தும் உண்டு. அதனால் கூரைக்கும் வலை வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாகத் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.