உங்களுக்குத் தெரியுமா? ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம்

1935-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் விமானம் ஏறியவர் லண்டன் போய்ச் சேரப் பன்னிரண்டரை நாள் ஆனது. அதுவும் முழுக்க ஆகாயப் பயணம் இல்லை. இத்தாலியின் பிரிண்டிசியிலிருந்து பாரிஸ் வரை ரயிலில்தான் போக வேண்டும்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், அந்த ஊர் வழியாகச் சென்ற அந்த வான்வழி அறுந்துபோனது. அப்போது கைகொடுத்தது இலங்கை. காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரிக்கு, 1943-ன் நடுப்பகுதி முதல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து குவாண்டாஸ் நிறுவனத்தின் 'கேட்டலினா' நீர்விமானங்கள் வரத் தொடங்கின. நடுவில் இருப்பது இந்தியப் பெருங்கடல். 5,600 கி.மீ.க்கும் மேல், எங்கும் இறங்காமல்!

மணிக்கு 200 கி.மீ. சொச்சம்தான் வேகம். வந்து சேர 28 மணி நேரம் ஆகும். காற்று எதிர்த்தால் 30-ஐயும் தாண்டும். ஏறியவர்கள் தரையைப் பார்ப்பதற்குள் சூரியன் இரண்டு முறை உதித்துவிடும். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயரே நிலைத்தது. பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் உண்டு. எடையில் பெரும்பங்கை எரிபொருளே பிடித்துக்கொண்டதால், ஏற்ற முடிந்தது மூன்றே மூன்று பயணிகளும் கொஞ்சம் தபாலும்தான்.

எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வழியில் ரேடியோவில் பேசமாட்டார்கள். பிறகு திசை? இரவெல்லாம் நட்சத்திரங்களை அளந்து அளந்துதான் போனார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். அவற்றில் ஆல்டேர் நம்முடைய திருவோணம். ஸ்பைகா, சித்திரை. அன்டாரிஸ், கேட்டை. நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே நட்சத்திரங்கள்! 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூட விழவில்லை. வான்பயண வரலாற்றில் இதற்கு ஈடான துணிச்சல் அரிது.

போர் முடிந்து 1947 டிசம்பரில் குவாண்டாஸின் சொந்தச் சிட்னி–லண்டன் சேவை தொடங்கியது. 29 பயணிகள், 11 ஊழியர்கள், நான்கு நாள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஆறு இடங்களில் இறங்கி ஏறியது.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் வந்தது. 14,498 கி.மீ. தூரத்துக்கு 17 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். திரும்பும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

2019 நவம்பரில் சோதனையாக ஒரு விமானம் லண்டனில் கிளம்பி, எங்கும் இறங்காமல் 19 மணி 19 நிமிடத்தில் சிட்னி போய்ச் சேர்ந்தது. அந்த நேரடிச் சேவைக்கான திட்டத்துக்குக் குவாண்டாஸ் வைத்த பெயர் 'புராஜெக்ட் சன்ரைஸ்'. கொக்கல ஏரிக்கு வந்த அந்த நீர்விமானங்களின் நினைவாக வைத்த பெயர் அது.