கார்னிக் கோட்டையில் ஒரு குளியல் மண்டபம்

நோவாவின் பேழை தங்கிய அராரத் மலைகளைப் பற்றி நாம் அனைவரும் திருமறையில் படித்திருக்கிறோம். அராரத் என்று இன்று அழைக்கப்படும் பனிமுடி துருக்கி நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அதை நாள்தோறும் கண்ணாரக் கண்டு, தம் நாட்டின் சின்னமாகப் போற்றுபவர்கள் ஆர்மீனிய மக்கள். கடல் இல்லாத நாடு அது. குளிர்காலமோ மிகக் கடுமையானது. அங்கே பழங்காலத்து அரசர்கள் வெந்நீரில் நீராடிய விதத்தைத் தோழியர்க்குச் சொல்லவே இக்கட்டுரை.

உரோமப் பேரரசுக்கும் பார்த்தியப் பேரரசுக்கும் நடுவே அகப்பட்ட நாடு ஆர்மீனியா. உரோமத் தளபதி கொர்புலோ அதன் தலைநகரான அர்தஷாத்தைத் தீக்கிரையாக்கினார். பின்னர் சமாதானம் ஏற்பட்டு, கி.பி. 66இல் மன்னர் திரிதாத் உரோமாபுரிக்கே சென்று நீரோவின் கையால் முடிசூடினார். திரும்பும்போது நகரை மீண்டும் கட்டக் கைவினைஞர் பலரை அழைத்து வந்தார் என்று காசியுஸ் தியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். சிலரை நீரோவே கொடுத்தார். மற்றவரை மன்னர் கூடுதல் கூலி பேசிச் சேர்த்துக் கொண்டார். நீரோ கொடுத்தவர்களை மட்டுமே கொர்புலோ எல்லை தாண்ட விட்டாராம்! உரோமக் கட்டடக் கலை அந்நாட்டில் வேரூன்றிய வழிகளுள் இதுவும் ஒன்று. அர்தஷாத் அகழ்வுகளிலும் உரோம முறைக் குளியலறைகள் வெளிப்பட்டுள்ளன.

நன்கு எஞ்சியிருப்பது கார்னியில் உள்ளது. அசாத் ஆற்றின் செங்குத்தான பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு கோட்டை. அதனுள் தூண்கள் சூழ்ந்த பழங்கோயில். கோயிலுக்கு ஏறத்தாழ ஐம்பது மீட்டர் தொலைவில், மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த குளியல் மண்டபம் 1953இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இது ஊர்ப் பொதுமக்களுக்கானதன்று, அரண்மனையைச் சேர்ந்தது. எனினும் அமைப்பு உரோம நகரங்களின் பொதுக் குளியலிடங்களைப் போன்றதே.

அறைகள் வரிசையாக அமைந்தவை. நான்கு அறைகளின் கோடிச் சுவர் அரைவட்டமாக வளைந்திருக்கும். முதலில் உடை மாற்றும் அறை, அடுத்தது குளிர்ந்த நீருக்கு, பிறகு இளஞ்சூடு, கடைசியில் கொதிப்பான அறை. குளிரிலிருந்து வந்த உடல் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக வேண்டும் என்பதே இந்த வரிசையின் காரணம்.

சூடு எங்கிருந்து வந்தது? காலுக்குக் கீழிருந்து! தரை மண்ணின்மேல் நேராகப் போடப்படவில்லை. குட்டையான செங்கல் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, அவற்றின்மேல் தளம் பரப்பினார்கள். வெளியே இருந்த அடுப்பில் விறகு எரிந்தது. அனலும் புகையும் தூண்களுக்கிடையே புகுந்து தளத்தைச் சூடாக்கின. விட்ருவியுஸ் என்ற உரோமக் கட்டடக் கலைஞர் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்: தூணின் உயரம் இரண்டடி. அடித்தரை அடுப்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது தங்காமல் அடுப்பு வாய்க்கே உருண்டு வர வேண்டும். அப்படிச் சரிந்திருந்தால் அனல் எளிதாகப் பரவும் என்பது அவர் கணிப்பு. காலையில் வெந்நீர் அண்டாவுக்கு முன் வாளியோடு வரிசையில் நிற்கும் விடுதித் தோழியர் இதைப் படித்துப் பெருமூச்சு விடக்கூடும்!

அடுப்பு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டுமே. கி.பி. 114இல் பேரரசர் திரஜான் ஆர்மீனியாவை உரோம மாநிலமாக்கியபோது, அர்தஷாத்துக்கு நீர் கொண்டுவர வளைவுப் பாலம் ஒன்று தொடங்கப்பட்டது. 117இல் அவர் இறந்தார். அடுத்து வந்த ஹாத்ரியான் அம்மாநிலத்தைக் கைவிட்டார். வேலை பாதியில் நின்றது. அதன் தூண் அடித்தளங்களைக் கண்டறிந்ததாக ஆர்மீனிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்தனர்.

மீண்டும் கார்னிக்கு வருவோம். உடை மாற்றும் அறையின் தரையில் ஏறத்தாழ மூன்று மீட்டர் சதுரத்தில் ஓர் ஓவியம். வண்ணம் தீட்டியதன்று, இயற்கை நிறமுள்ள சிறு கற்களை ஒவ்வொன்றாகப் பதித்தது. பசுமை படர்ந்த நீரில் மீன்களும், மீனுடல் கொண்ட கிரேக்கப் புராண உருவங்களும், கடற்கன்னியரும் நீந்துகின்றனர். நடுவில் ஓர் ஆணும் பெண்ணும்: பெருங்கடலும் கடலும். கடலையே காணாத மலைக்கோட்டையில், மன்னர் காலடி வைக்கும் முதல் அறையில் ஒரு கடல்!

அந்த நடுப்பகுதியில் கிரேக்க எழுத்தில் ஒரு வரி உண்டு. எதையும் பெறாமல் நாங்கள் உழைத்தோம் என்பது அதன் பொருள். கூலி கிடைக்காத தொழிலாளரின் முறையீடு என்பர் சிலர். வேறு விதமாகப் பொருள் கொள்வாரும் உளர். எனக்கு முதலாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. முழங்காலிட்டு ஆயிரக்கணக்கான கற்களைப் பதித்த கைகள், தாமே செய்த கடலின் நடுவில், நீராட வருவோர் எவரும் காணும்படி அதை எழுதி வைத்தன. கற்கள் பல உதிர்ந்துபோயின. அந்த வரியை இன்றும் படிக்க முடிகிறது.